அச்சில் இல்லாத கை

நீர்த்தேக்கத்தின் பழைய பம்ப் ஷெட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வாசலிலேயே நின்றிருந்தார். என் தோள்பையையும் கையிலிருந்த டார்ச்சையும் பார்த்துவிட்டு, "கார் பார்க்க வந்தவரா சார்? பெரிய மெஷின் எல்லாம் கொண்டு வருவீங்கன்னு நினைச்சேன்" என்றார். ஏமாற்றம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

எனக்கு இது பழக்கம்தான். என் தொழிலை இரண்டு வரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சாதாரணக் காரின் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபைபர் கிளாஸில் தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உடம்பு செய்து மாட்டிக்கொண்ட பைத்தியங்கள் ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். அப்படிச் செய்த கார்களில் ஒன்று எங்காவது கொட்டகையிலோ குப்பையிலோ கிடைத்தால், இது யார் செய்தது, எந்தப் பட்டறை, எந்த வருடம் என்று கேட்டு எனக்குப் படம் அனுப்புவார்கள். படத்தில் தெரியாவிட்டால் நேரில் போவேன். உடம்பு முழுக்க விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், எங்கே பொக்கையாக இருக்கிறது என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். என் வட்டாரத்தில் எனக்குப் பெயரே 'தட்டுறவர்' என்பதுதான்.

ஃபைபர் உடம்பை அச்சுக்குள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அச்சின் உட்புறம் மெழுகு தடவி, நிறப்பூச்சு கொடுத்து, அதன்மேல் கண்ணாடியிழை விரிப்பைப் பரப்பி, பிரஷ்ஷால் ரெசின் என்கிற பிசினைத் தோய்த்து ஊறவைப்பார்கள். காய்ந்ததும் உரித்தெடுத்தால் வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். ஒரே அச்சில் பத்து உடம்பு எடுத்தால் பத்தும் வெளியே ஒரே மாதிரிதான். அச்சில் ஒரு கீறல் இருந்தால் பத்திலும் அந்தக் கீறல் விழும். உட்பக்கம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பிரஷ் போன திசை, ரெசினில் ஒட்டிக்கொண்ட முடி, அவசரத்தில் பதிந்த விரல் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதனால் வெளியே பார்த்து ஆளைச் சொல்லாதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் கதவைத் தள்ளினார். உள்ளே இருட்டும் சேற்று வாடையும். மழை பொய்த்ததால் தண்ணீர் இறங்கி, நீர்த்தேக்கத்தின் அடியில் அந்தக் கார் தலைகாட்டியிருந்தது. அடிச்சட்டமும் இன்ஜினும் துருப்பிடித்து மண்ணாகிவிட்டன. நம்பர் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் ஃபைபருக்குத் துரு கிடையாது. ஷெட்டுக்குள் இழுத்து வந்து கழுவி வைத்திருந்த உடம்பு, வெளுத்த சிவப்பில், தாழ்ந்த நீளமான மூக்கோடு, இரண்டே பேர் உட்காரக்கூடிய திறந்த இருக்கைக் குழியோடு தரையில் உட்கார்ந்திருந்தது. அழகான கார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"உள்ள எலும்பு, கிலும்பு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல சார். சேறுதான். போலீஸ்காரங்க பார்த்துட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை லாரி வந்து அள்ளிட்டுப் போயிடும்னு இன்ஜினியர் சொல்லிட்டார்."

அன்று திங்கள்கிழமை.

என்னை வரச்சொன்ன பெண்மணி ஷெட் வாசலுக்கு எதிரே சற்றுத் தள்ளி வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சொல்லையும் எதிர்முனையில் இருக்கிறவருக்குக் கேட்க வேண்டுமே என்ற கவனத்தோடு பேசினார். பத்து நிமிடத்தில் நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

"தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மத்தியானம், என் வீட்டுக்காரர் தான் செஞ்ச காரை எடுத்துக்கிட்டுப் போனார். சாயங்காலம் வந்துடறேன்னார். வரல. செத்துட்டாரா, என்னை விட்டுட்டுப் போயிட்டாரா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்."

"இதே கார்தானா அக்கா?"

"அதுதானே தெரியல. அந்த மோல்டுல ரெண்டு கார் எடுத்தாங்க. ஒண்ணு எங்களது. இன்னொண்ணு, ஒருத்தர் தினமும் பட்டறை வாசல்ல வந்து நிப்பார். பேச மாட்டார். ஊமைக்கோட்டான்னு நாங்க பேர் வச்சிருந்தோம். மோல்டை மட்டும் குடுங்க, நானே போட்டுக்கறேன்னு கேட்டார். இவரும் பாவம்னு விட்டுட்டார். ஒரு வாரம் தனியாவே செஞ்சார். ரெண்டு பேர் செய்யற வேலை அது."

அந்த ஆளும் அதே மாதம் காரோடு காணாமல் போனான். தேட அவனுக்கு யாரும் இல்லை. ஆக இந்தக் கார் இரண்டு பேரில் ஒருவருடையது.

"அவரு என்னையும் கூட வான்னுதான் கூப்பிட்டார், தம்பி. டியூட்டி இருக்குன்னுட்டேன். ஊர்ல எல்லாரும் எவளையோ கூட்டிட்டு ஓடிட்டான்னு பேசினாங்க. இது எங்க கார்னா அவர் ஓடல. இல்லேன்னா ஊர் சொன்னதே நிஜம்னு எடுத்துக்கிட்டுப் பேசாம இருந்துடறேன்."

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தனியாக வாழ்கிறவன். என் மனைவி மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. யாருக்காவது நான் தேவைப்படுகிறேன் என்ற நினைப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா மரத்தில் சாய்த்து வைத்திருந்த டிக்கி மூடி ஒன்றை எடுத்தார். அளவு சரியாக வராததால் கணவர் ஒதுக்கிவைத்த மூடி. அதைத் திருப்பி உட்பக்கம் டார்ச் அடித்தேன். பிரஷ் தடம் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இடதுகைப் பழக்கமா அவருக்கு?"

அக்கா மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மெதுவாக.

வேலை சுலபம் என்று நினைத்தேன். காரின் உட்பக்கத்தில் தடம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உள்ளே போய், மல்லாந்து படுத்து, முன்மூக்கின் அடியில் தலையை நுழைத்தேன். முதலில் மூக்கில் ஏறியது வாடைதான். இனிப்பும் காரமும் கலந்த, கண்ணைக் கரிக்கிற ரெசின் வாடை. புதுசாகப் போட்ட ஃபைபரில்தான் அந்த வாடை வரும். ஒரு மாதத்தில் போய்விடும். இது முப்பத்தெட்டு வருடம் தண்ணீருக்குள் கிடந்த உடம்பு.

டார்ச் வெளிச்சத்தில் உட்பக்கம் பளபளத்தது. பழைய தடம் எதுவும் தெரியவில்லை. அதன்மேல் இன்னொரு அடுக்கு போட்டிருந்தார்கள்.

கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

ரெசின் இறுகும்போது தானாகவே சூடாகும். அது இறுகிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். நான் கையை எடுத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தேன். வெயிலில் கிடந்த தகரக் கூரை, அந்தச் சூடு உள்ளே இறங்கியிருக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையிலிருந்த தடிமன் மீட்டரை எடுத்து, பக்கத்து இருக்கைக் கதவின்மேல் வெளியிலிருந்தே வைத்து அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். அக்காவின் டிக்கி மூடியையும் அளந்து, இரண்டையும் நோட்டில் குறித்தேன்.

பிறகு பழக்கதோஷத்தில் முட்டியால் தட்டினேன். டக், டக் என்று திடமான சத்தம். நல்ல வேலை. பின்சக்கர வளைவு வரை தட்டிக்கொண்டே போனேன். நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு டக் வந்தது.

ஈரம் காயும்போது ஃபைபர் வெடிப்பது உண்டு. அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் தட்டிய இடத்துக்கு நேர் பின்னால், நான் விட்ட அதே இடைவெளியில் ஏன் வெடிக்க வேண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி. அக்காவிடம் "உள்ள கொஞ்சம் அழுக்கு இருக்கு, நாளைக்குச் சுத்தம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அதே கதவில், அதே இடத்தில் மீட்டரை வைத்தேன். ஐந்து.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, அக்கா கொண்டுவந்த டிக்கி மூடியில் வைத்துப் பார்த்தேன். அது நேற்றுக் காட்டிய அளவையே காட்டியது. கதவில் மறுபடியும் வைத்தேன். ஐந்து.

"ராத்திரி யாராவது உள்ள வந்தாங்களா?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"சாவி என் இடுப்புலயே இருக்கு சார். இதுக்குள்ள வந்து எவன் என்னத்த எடுக்கப் போறான்?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா சத்தம் வருது சார். பிரஷ்ஷால சுவத்துல சுண்ணாம்பு அடிப்பாங்கல்ல, அந்தச் சத்தம். எலின்னு நினைச்சுக்கிட்டேன்."

அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போக நினைத்தேன். அவர் டீ போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். தனியாகத்தான் தலையை நுழைத்தேன்.

உட்புறம் முழுக்கக் கைகள்.

பெரிய கைகள், விரித்த விரல்களோடு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. பிரஷ் போதாமல் உள்ளங்கையாலேயே ரெசினைத் தேய்த்துப் பரப்பியிருந்தது. அவசரமாகச் செய்த வேலை. உதவிக்கு இன்னொரு ஆள் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்கிறவனின் வேலை. என் முகத்துக்கு மேலிருந்த கைத்தடத்தைத் தொட்டேன். விரலை எடுத்தபோது நூல் நூலாக ரெசின் இழுத்துக்கொண்டு வந்தது.

ஈரம்.

எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. நெற்றியில் எங்கேயோ இடித்திருந்தது. அக்கா தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். "மெதுவாத்தான் பாருங்களேன் தம்பி, முப்பத்தெட்டு வருஷம் இருந்துட்டேன், ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது" என்றார். ஆனால் அவர் ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். அந்த ஊமை ஆளைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு நாள் எங்கிட்ட வந்து, என் கார் முடிஞ்சதும் முதல்ல நீங்கதான் ஏறணும்னார். நான் சிரிச்சுட்டேன். வேற என்ன பண்றது? அவர் சிரிக்கல. அப்புறம் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கல."

அதற்குமேல் அவனைப் பற்றி அக்காவுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

புதன்கிழமை நான் உள்ளே தலையை நுழைக்கவே இல்லை. கதவருகே நின்று மீட்டரை வைத்தேன். ஏழு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து இருக்கைக் குழியை எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிறவர் பக்கம் முழுக்க ரெசினும் இழையுமாக நிரம்பி, மேடாகிவிட்டிருந்தது. பக்கத்து இருக்கைப் பக்கம் நிரப்பாமல் விட்டிருந்தது. விட்டிருந்தது என்பது சரியில்லை. அங்கே ஒரு குழிவு இருந்தது. முதுகு சாய ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம், தொடைகளுக்கு இரண்டு. ஒல்லியான, உயரம் குறைந்த ஒருவர் உட்கார்ந்தால் சரியாகப் பொருந்துகிற அளவு.

மரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அளவு எனக்குப் புரிந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது ஒரு ரம்பத்தை எடுத்து மேல் அடுக்கை அறுத்து, அடியில் இருக்கும் பழைய தடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இடதா, வலதா? ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் குழிக்குள் கையை விட எனக்குத் துணிவு வரவில்லை. நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன், வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு.

பின்விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. கட்டைவிரலை அழுத்தியது போன்ற பள்ளம். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். தன் கட்டைவிரலை அதில் வைத்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

"இது இருந்துச்சு தம்பி. எங்க கார்ல இது இருந்துச்சு. நான் தினமும் இதுல விரல வச்சு வச்சுப் பாப்பேன். தொட்டுத் தொட்டே தேய்ச்சுடுவேன்னு என்னைத் திட்டுவார்."

இதுதான் நான் செய்த தப்பு. வெளிப்பக்கத்தில் இருக்கிற எல்லாமே அச்சிலிருந்து வருவது. அச்சு எடுப்பதற்காக முதலில் செய்த களிமண் உருவத்தில் அக்காவின் கணவர் விரல் பட்டிருக்கும். அந்த அச்சில் எடுத்த இரண்டு கார்களிலும் இந்தப் பள்ளம் இருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். திரும்பவும் அந்தக் குழிக்குள் தலையை விட வேண்டாம் என்ற நிம்மதியும் சேர்ந்துகொண்டது.

"இது உங்க வீட்டுக்காரர் கார்தான் அக்கா," என்றேன். "அவர் உங்களை விட்டுட்டுப் போகல."

அக்கா அழவில்லை. நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். "ஓடல" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சின்னப்பெண்ணைப் போல ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். நான் தடுப்பதற்குள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க பாருங்க தம்பி. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

சரியாகப் பொருந்தியது. தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு விரல் இடைவெளி இல்லை. அவருடைய ரவிக்கைக் கையில் ஈரம் பளபளத்தது.

"எறங்கிடுங்க அக்கா. துணியெல்லாம் வீணாப் போகும்."

"போனாப் போகட்டும். அன்னிக்கு வான்னு கூப்பிட்டார், நான் போகல. கொஞ்ச நேரம் அவர் பக்கத்துல இருந்துட்டு வரேன். நீங்க கிளம்புங்க, பாவம், மூணு நாளா அலையறீங்க."

முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கிளம்பிவிட்டேன். நான்கு மணி கூட ஆகவில்லை, வெளியே பளிச்சென்று வெளிச்சம் இருந்தது. வாட்ச்மேனிடம் ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவ்வளவு தூரம்தான் என் பொறுப்புணர்ச்சி போயிற்று.

வியாழக்கிழமை காலையில் வாட்ச்மேன் கேட் வரைக்கும் ஓடிவந்தார்.

"அம்மா வெளிய வரல சார்," என்றார், காதருகே குனிந்து. "நான் வாசல்லயேதான் இருந்தேன். உள்ள போய்ப் பார்த்தா ஆளும் இல்ல."

ஷெட்டுக்கு வேறு கதவு கிடையாது. காரின் ஓரத்தில் செருப்பு ஜோடியாக இருந்தது. அக்காவின் துணிப்பை மரத்தடி ஸ்டூலின் மேல் இருந்தது. இருக்கைக் குழியை மட்டும் காணவில்லை. மூக்கிலிருந்து வால் வரை ஒரே வழவழப்பான சிவப்பு. எங்கேயும் ஒட்டிய கோடு இல்லை.

போலீஸ் வந்தது. வயதானவர், மனம் உடைந்தவர், வற்றிய நீர்த்தேக்கச் சேற்றுக்குள் நடந்து போயிருப்பார் என்று மூன்று நாள் அங்கே தேடினார்கள். இன்ஜினியர் காரைப் பார்த்துவிட்டு, "மூடியெல்லாம் போட்டுப் பத்திரமாக்கிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல் எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. லாரியைத் திருப்பிவிட்டு அந்த உடம்பை என் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன்.

ஏன் அறுத்துப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். தினமும் ரம்பத்தைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். முப்பத்தெட்டு வருடம் கழித்துப் புருஷனோடு சேர்ந்தவளை இழுத்துக்கொண்டு வர நான் யார்? அவர் கூப்பிட்டார், இந்தத் தடவை அக்கா போய்விட்டார். அப்படித்தான் நினைத்தேன். பயந்தாங்கொள்ளிக்கு வசதியான நினைப்பு. ஆனாலும் உண்மையாகவே நம்பினேன். கொட்டகையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாயங்காலங்களில் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ரெசின் வாடை நின்றுவிட்டது. நானும் தட்டவில்லை, உள்ளேயிருந்து எதுவும் தட்டவும் இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்கே ஓர் ஆறுதல் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு தபால் வந்தது.

மலைச்சாலையை அகலப்படுத்துகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். கொண்டை ஊசி வளைவு ஒன்றின் கீழே புதரை வெட்டியபோது, மரங்களுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கார் செருகிக் கிடந்ததாம். ஓட்டுகிறவர் இருக்கையில் எலும்புகள் இருந்தனவாம், போலீசில் ஒப்படைத்துவிட்டார்களாம். இது என்ன கார் என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். ஏழு படங்கள்.

முதல் படத்தில் பின்விளக்கு. பக்கத்தில் கட்டைவிரல் பள்ளம்.

நான்காவது படம் உட்பக்கம். பிரஷ் தடம் ஒவ்வொன்றும் இடதுகைச் சாய்வில், சீராக, பொறுமையாகப் போயிருந்தது.

கடைசிப் படம் டேஷ்போர்டு, ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே. ரெசினுக்கு அடியில் ஒரு சின்னப் புகைப்படத்தை வைத்துப் பதித்திருந்தார் அக்காவின் கணவர். காதில் ஹெட்போனோடு டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் கூப்பிட்டோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பெண். ஒல்லியான, உயரம் குறைந்த பெண்.

படத்தை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றிருந்தேன். பிறகு கொட்டகைக்குப் போனேன். பக்கத்து இருக்கைக் கதவின்மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

"அக்கா," என்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அவர் கார் இல்ல."

கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

"அவர் மலைப்பாதையில அன்னிக்கே போயிட்டார் அக்கா. உங்க போட்டோ கூட இருக்கு. உங்களை விட்டுட்டுப் போகல. இது... இது அந்த இன்னொருத்தரோட கார்."

உள்ளே ஏதோ அசைந்தது. இடமில்லாத இடத்தில் ஒருவர் திரும்பிப் படுக்கப் பார்க்கிற சத்தம். பிறகு தட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணித் தட்டுகிற தட்டு இல்லை. இரண்டு கையாலும், முட்டியாலும், நிறுத்தாமல்.

ரம்பத்தை எடுத்தேன். கதவுப் பக்கம் ஒரு முழ நீளம் அறுத்தேன். பல்லெல்லாம் பிசினாகி ரம்பம் நின்றுபோயிற்று. துடைத்துவிட்டு மறுபடியும் அறுக்கப் போனபோது, முதலில் அறுத்த கோடு மூடியிருந்தது. அந்த இடம் சூடாக இருந்தது. விடியும் வரை அறுத்தேன். விடிந்தபோது கார் முழுசாக இருந்தது. என் கையில்தான் ரத்தம்.

தட்டுவது மறுநாள் நின்றது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். அது அளக்கிற எல்லையைத் தாண்டி, எண் எதுவும் காட்டாமல் இருந்தது.

அதற்கு அடுத்த நாள்தான் கதவின் வெளிப்புறத்தில் அதைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் வழவழவென்று இருந்த சிவப்பில், உள்ளேயிருந்து வெளியே தள்ளிக்கொண்டு, ஒரு கை புடைத்திருந்தது. சின்னக் கை. விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கை ரேகை வரை தெரிந்தது. அச்சில் இல்லாத கை. நான் என் கையை அதன்மேல் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. "இருங்க அக்கா, எப்படியாவது எடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு பெரிய ரம்பம் வாங்க டவுனுக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்து கொட்டகை விளக்கைப் போட்டேன். அந்தக் கை இருந்தது. இப்போது விரல்கள் மடங்கி இருந்தன. அதன் மணிக்கட்டைச் சுற்றி இன்னொரு கை புடைத்திருந்தது. பெரிய கை, ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தது, உள்பக்கமாக இழுத்தபடி.